கேம் டெவலப்பர் ஆக என்ன படிக்கலாம்? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கே: அண்ணா, ப்ளஸ் டூ முடித்துவிட்டேன். கேம் டெவலப்மென்ட் என்றே ஒரு டிகிரி இருக்கிறது. அதில் சேரவா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கவா?

ப: கோடிங்கில் ஆசை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு தம்பி. 2023, 2024 இரண்டு வருடமும் உலகம் முழுக்க கேம் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, அந்த மாதிரி நேரத்தில் பொதுவான டிகிரி இருந்தால் வேறு மென்பொருள் வேலைக்காவது போகலாம். ஆனால் கேம் செய்வதை அந்த நாலு வருடத்தில் நீயாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், வகுப்பில் அது வராது.

கே: மேத்ஸ் எவ்வளவு வேண்டும்?

ப: நீங்கள் ப்ளஸ் ஒன்னில் படித்த வெக்டார்தான் தினமும் வரும். கேமில் எதிரி பார்க்கும் திசை ஒரு வெக்டார், அவனிடமிருந்து நம் ஆள் நிற்கும் திசை இன்னொன்று. இரண்டுக்கும் டாட் ப்ராடக்ட் (வெக்டார்களைப் பெருக்கி ஒரே எண்ணாக்கும் கணக்கு) போட்டால், விடை பாசிட்டிவ் என்றால் நாம் அவன் முன்னால், நெகட்டிவ் என்றால் முதுகுக்குப் பின்னால். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கணக்கு திரையில் ஓடுவதைப் பார்த்த அன்றுதான் எனக்கே அது புரிந்தது.

கே: சார், என் மகள் நன்றாக வரைவாள். ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருட கோர்ஸுக்கு மூன்றரை லட்சம் கேட்கிறார்கள், வேலை உறுதி என்கிறார்கள்.

ப: பணம் கட்டும் முன், போன வருடம் முடித்த நாலு பேருடைய போர்ட்ஃபோலியோவை, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படி ஒரு இடத்தில் என் தம்பி கடன் வாங்கிக் கட்டினான், ஆறு மாதம் இலவச வீடியோவில் இருப்பதையே சொல்லிக்கொடுத்தார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாப்பா இன்னும் பள்ளியில் இருந்தால் பி.டெஸ். என்ற டிசைன் டிகிரிக்கு யூசீட் நுழைவுத் தேர்வு எழுத வையுங்கள், ஐஐடி பம்பாய் நடத்துவது, எந்த குரூப் படித்தவர்களும் எழுதலாம். அப்புறம் 3டி உருவங்கள் செய்யும் ப்ளெண்டர் மென்பொருள் இலவசம், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

கே: கேம் செய்யும் மென்பொருளில் எதைக் கற்பது, யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா?

ப: ஏதாவது ஒன்று. கோடிங் மொழி யூனிட்டிக்கு சி ஷார்ப், அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ். லேப்டாப் பழசு என்றால் கோடோ, அளவும் சின்னது, முழுக்க இலவசம்.

கே: மெக்கானிக்கல் கடைசி வருடம். இன்டர்வியூவில் என்ன காட்டுவது?

ப: முழுதாக முடித்த ஒரு சின்ன கேம். மெனு, சத்தம், தோற்றால் திரும்ப ஆரம்பிப்பது எல்லாம் இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய கேம் பத்து வேண்டாம். நான் ஆள் எடுக்கும்போது முதலில் அந்த கேமில் குதித்துத்தான் பார்ப்பேன். மேடை விளிம்பைத் தாண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகப் பட்டனை அழுத்தினாலும் குதிக்க விடுகிறதா என்று பார்ப்பேன், கோயோட் டைம் என்பார்கள். அதைச் செய்தவர் தன் கேமை நாலு பேரிடம் கொடுத்து, அவர்கள் விழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் டிகிரி என்ன என்று அதற்கு அப்புறம்தான் கேட்பேன்.