ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஏறத்தாழ எழுபது வீடுகள். அத்தனைக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறுதான். அதிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, காலையிலும் மாலையிலும் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள். காலையில் முதல் சில நிமிடங்கள் செம்பழுப்பாக வந்து, பிறகு தெளிந்துவிடுகிறது. சில நாட்களில் குளோரின் வாடை அடிக்கிறது. பல நாட்களில் வாடையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, 480 காட்டுகிறது, நல்ல தண்ணீர்தான் என்றார். வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது, புட்டிப்பால் கொடுக்கிறோம். இந்தத் தண்ணீரை நம்பலாமா? ஆர்.ஓ. கருவி வாங்கிவிட்டால் போதுமா?

பதில்: நீங்கள் முதலில் குறிப்பிட்டிருப்பது தண்ணீரின் நிறத்தை. எனக்கு அதைவிடக் கவலை தருபவை வேறு இரண்டு: பல நாட்களில் குளோரின் வாடையே இல்லை என்பதும், நான்கு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கிறீர்கள் என்பதும். நிலத்தடி நீரில் கண்ணையும் நாக்கையும் உறுத்துகிற இரும்பும் சுண்ணாம்பும் உப்பும் பெரும்பாலும் தொல்லைதான் தருகின்றன, நோய் தருவதில்லை. நோய் தரக்கூடிய கிருமிகளுக்கும் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் போன்றவற்றுக்கும், அவை ஆபத்தான அளவில் இருக்கும்போதுகூட, நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எனவே நம்பலாமா என்ற கேள்விக்கு ஆய்வக அறிக்கையைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். ஆயினும் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே சொல்லிவிடலாம்.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். நாளைக் காலை முதலில் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும், பத்து நிமிடம் ஓடியபின் வரும் தண்ணீரை இன்னொரு குவளையிலும் பிடித்து, இரண்டையும் வெள்ளைத் தாள் மீது வைத்து மாலைவரை அசைக்காமல் விடுங்கள். முதல் குவளையின் அடியில் செம்பழுப்புத் தூள் படிந்து, இரண்டாவது குவளை கடைசிவரை தெளிவாகவே இருந்தால், அது குழாய்க்குள் தேங்கியிருந்த துருவும் வண்டலும் ஆகும். இரண்டாவது குவளையும் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நேரம் செல்லச் செல்ல மஞ்சளாக மாறினால், இரும்பு கிணற்றிலிருந்தே கரைந்து வருகிறது. காற்றுப் பட்டபின் துருவாகப் பிரிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியிலும் பீங்கானிலும் கறை படியும். படிவு கருப்பாக இருந்தால் மாங்கனீசாக இருக்கலாம்; அதைச் சோதனைப் பட்டியலில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கைக்குழந்தைகளுக்கு அது நல்லதல்ல. குழாயைத் திறந்ததும் பால்போல் வெளுத்து வந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்தது டி.டி.எஸ். மீட்டர். அந்தக் கருவி அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அதிலிருந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்று உலக சுகாதார அமைப்பு சொல்வது சுவையை வைத்துத்தான். உங்கள் 480 சுவைக்கு நல்ல எண். அதற்குமேல் அதில் பொருள் இல்லை. ஆர்செனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். அதைப்போல் ஐந்து மடங்கு ஆர்செனிக் உங்கள் தண்ணீரில் இருந்தாலும் கூடுவது 0.05 மில்லிகிராம்தான், மீட்டரில் 480 என்ற எண் அசையவே அசையாது. கிருமிகள் எத்தனை இருந்தாலும் அந்த மீட்டருக்குத் தெரியாது. அது 150 காட்டும் தண்ணீர் வயிற்றுப்போக்கைத் தரலாம். 700 காட்டும் தண்ணீர் தீங்கற்றதாக இருக்கலாம்.

ஆழத்திலிருந்து வரும் தண்ணீரை மண்ணே வடிகட்டித் தருகிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நல்ல ஆழமும், மேலே களிமண் அடுக்கும், துளையின் சுவரைக் காக்கச் சரியாக இறக்கிய வெளிக்குழாயான கேசிங் குழாயும் இருக்கும் கிணறுகளுக்கு அது பெருமளவு உண்மையே. ஆனால் அந்த நம்பிக்கையில் சிறிய ஊர்கள் விலை கொடுத்திருக்கின்றன. கனடாவின் வாக்கர்டன் 5000 பேர்கூட இல்லாத ஊர். நிலத்தடி நீரையே நம்பியிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் சில நாட்கள் விடாமல் பெய்த கனமழையில், அருகிலிருந்த பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலி என்ற குடல் கிருமி, ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் பாறைப் பிளவுகள் வழியே இறங்கிவிட்டது. ஏறத்தாழ 2300 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். கிருமியைக் கொன்றபின் தண்ணீரில் எஞ்சியிருக்கும் மிச்சக் குளோரினை நாள்தோறும் அளந்திருக்க வேண்டியவர்கள் அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதிவந்தது விசாரணையில் வெளிவந்தது. இரண்டு நிமிடத்தில் முடிகிற ஓர் அளவீட்டை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த உயிர்களில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே குடியிருப்பின் தண்ணீருக்குப் பொறுப்பானவர்களைச் சந்தித்து, கிணற்றடிக்கும் தொட்டிக்கும் ஒருமுறை நேரில் போய்வாருங்கள். கேசிங் குழாய் தரைமட்டத்துக்கு மேல் ஒரு முழமாவது உயர்ந்து நிற்கிறதா, அதன் வாய் இறுக மூடியிருக்கிறதா, சுற்றிலும் போட்ட சிமென்ட் தளம் விரிசல் இல்லாமல் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் கிணற்றடியில் குட்டையாக நிற்குமானால் அந்த நீர் குழாயை ஒட்டியே கீழே இறங்கும். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீட்டராவது வேண்டும். பிளவுபட்ட பாறை நிலமானால் அதுவும் போதாது. தொட்டியில் மூடியின் விளிம்பைப் பாருங்கள். நான் ஏறிப் பார்த்த தொட்டிகளில் சுவர் உறுதியாக இருந்தும் மூடி சரியாகப் பொருந்தாததால் பறவை எச்சமும் பூச்சிகளும் உள்ளே கிடந்தவை பல. வழிந்தோடும் குழாயின் வாய்க்கு வலை கட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று, நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களுக்கே உரியது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடுகிறது. கசிவுள்ள இணைப்புகள் வழியே வெளியிலுள்ள ஈரமும் அழுக்கும் உள்ளே இழுக்கப்படலாம். மறுபடி தண்ணீர் பாயும்போது அது முதல் வீச்சில் வந்து சேரும். உங்கள் காலைநேரச் செம்பழுப்பும் அதே முதல் வீச்சில்தான் வருகிறது. நிறம் தீங்கற்ற துருவாகவே இருந்தாலும், அந்த முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், கழுவுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரவெல்லாம் வீட்டுக் குழாயில் தேங்கிய தண்ணீரில் பழைய பொருத்துகளிலிருந்து ஈயம் கரைந்திருக்கவும் கூடும்.

கிணற்றைத் தாண்டி, குழாயில் நேரும் இந்த மாசுக்கு ஒரே காவல் மிச்சக் குளோரின். குளோரின் கலந்து குறைந்தது அரைமணி நேரம் ஆனபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமும், கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராமும் எஞ்சியிருக்க வேண்டும். சில நாள் வாடை அடித்து, பல நாள் இல்லை என்பது, பிளீச்சிங் பவுடரைக் கணக்கில்லாமல் நினைத்தபோது கொட்டுகிறார்கள் என்பதற்கு அறிகுறி. குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரையுள்ள சிறு சோதனைப் பெட்டி ஒன்று குடியிருப்புக்குப் பொதுவாக இருக்கட்டும். கடைக்கோடி வீட்டுத் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் இளஞ்சிவப்பு ஏறும். அதை நிற அட்டையோடு ஒப்பிட்டுத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். நிறமே ஏறவில்லை என்றால் அன்றைக்குக் காவல் இல்லை, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்பவர்கள், குடிக்கும் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துச் சிறிது நேரம் மூடி வைத்திருந்தால் வாடை பெரிதும் தணிந்துவிடும்.

இனி ஆய்வகத்துக்கு. கடைசியாக எடுத்த அறிக்கை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் குடிப்பவர் என்ற முறையில் அதைப் பார்ப்பது உங்கள் உரிமை. இல்லையென்றால், 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி இருக்கிறதா என்ற சோதனையும் நைட்ரேட்டும் முதலில். அடுத்து ஃபுளோரைடு, ஆர்செனிக், மாங்கனீசு, ஈயம், யுரேனியம். கூடவே கலங்கல், அமிலகாரத் தன்மை, கடினத்தன்மை. ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நெடுங்காலம் மிகுந்தால் பல்லில் கறையும் பின்னர் எலும்பில் பாதிப்பும் வரும். பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு, ஆர்செனிக் போன்றவை மெல்லத்தான் மாறும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும். கிருமிச் சோதனையை மாதந்தோறும், குறிப்பாகப் பெருமழைக்குப் பின்னும், செய்ய வேண்டும்.

மாதிரி எடுப்பதில் தவறினால் அறிக்கையே பொய்யாகிவிடும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் அடியிலிருக்கும் சிறிதளவு வெள்ளைப் பொருள் குளோரினை முறிக்கப் போட்டது, அதைக் கழுவிவிடாதீர்கள். குழாய் வாயிலுள்ள வலையைக் கழற்றி, வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் திறந்து, கழுத்து வரை மட்டும் நிரப்பி உடனே மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். ஈயச் சோதனைக்கு மட்டும் நேர்மாறாக, இரவு தேங்கிய முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் நைட்ரேட் வரியை இரண்டுமுறை படியுங்கள். நைட்ரேட்டாகச் சொன்னால் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாகச் சொன்னால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். இரண்டும் ஒன்றே. நைட்ரஜனாக 12 என்று அச்சிட்ட அறிக்கையைப் பார்த்து, ஐம்பதுக்கு வெகு கீழே இருக்கிறது என்று நிம்மதியடைவது எளிதாக நடக்கிற பிழை.

ஆர்.ஓ. கருவியை அறிக்கை வந்தபின் முடிவு செய்யுங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்று மிகுந்திருந்தால் அது பயனுள்ள கருவி. கிருமி மட்டுமே குறை என்றால், கிணற்றடியைச் சீர்செய்வதும் முறையான குளோரினும் எழுபது வீடுகளையும் காக்கும். கருவி உங்கள் ஒரு வீட்டைத்தான் காக்கும், அதுவும் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றினால். மாற்றாமல் விட்டால் அதன் சேமிப்புத் தொட்டியிலேயே கிருமி வளரும். கார்பன் வடிகட்டி வாடையைப் போக்கும், நைட்ரேட்டைப் போக்காது; புற ஊதாக் கருவி கிருமியை மட்டுமே கொல்லும், அதுவும் தண்ணீர் தெளிவாக இருந்தால்.

குழந்தையின் விஷயத்தில் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தையின் இரத்தம் நைட்ரேட்டால் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். கிணற்று நீரில் கலந்த புட்டிப்பாலால் இது நேர்வதை 1945-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் விளக்கினார். தண்ணீரைக் காய்ச்சுவது இதற்குத் தீர்வல்ல. கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் ஆவியாகாது, ஒரு லிட்டர் அரை லிட்டராகச் சுண்டினால் அதன் அடர்த்தி இரட்டிப்பாகும். நைட்ரேட் அளவு தெரியும்வரை, அது குறைவு என்று அச்சிட்ட முத்திரையுள்ள புட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறிவிடுவதற்குள் பால்மாவில் ஊற்றிக் கலக்குங்கள். பின் புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுங்கள். தாய்ப்பாலும் கொடுக்க முடிந்தால் மிக நல்லது. தாய் குடிக்கும் நைட்ரேட் பாலில் அவ்வளவாக இறங்குவதில்லை. குழந்தையின் உதடும் நகக்கண்களும் நீலம் பாரித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கிணற்று நீரில் புட்டிப்பால் கொடுத்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.