நார்த்ஃபீல்டு வங்கியில் பூட்டாமல் இருந்த பெட்டகமும் ஜோசஃப் லீ ஹேவுட்டும்

கேள்வி: ஜெஸ்ஸி ஜேம்ஸ் கும்பலுக்குப் பெட்டகத்தைத் திறந்துகொடுக்க மறுத்து உயிரை விட்ட வங்கிக்காரர் ஒரு முன்னாள் சிப்பாய் என்கிறார்களே, அவர் யார்? டைம் லாக் இருந்ததால்தான் பணம் தப்பியதா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் காப்பாற்றியது டைம் லாக், அதாவது குறித்த நேரம்வரை திறக்காத கடிகாரப் பூட்டு, அல்ல. 1876 செப்டம்பரில் ஜெஸ்ஸி ஜேம்ஸின் கொள்ளைக் கும்பல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்டு ஊர் வங்கியில் புகுந்தபோது பெட்டகம் பூட்டியே இருக்கவில்லை. கதவைச் சாத்தியிருந்தார்கள், தாழ்க்கம்பிகள் உள்ளே போயிருந்தன, அவ்வளவுதான். எண் வட்டைச் சுழற்றிவிட்டால்தான் பூட்டு விழும்; அதைச் சுழற்றவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் திருகியிருந்தால் கதவு திறந்திருக்கும். உள்ளே சுமார் 15,000 டாலர் இருந்தது. கொள்ளையர் கொண்டுபோனது 26 டாலர் 60 சென்ட். இரண்டு தொகைக்கும் நடுவே நின்றவர் ஜோசஃப் லீ ஹேவுட் என்ற கணக்கர்.

1837 ஆகஸ்ட் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிட்ஸ்வில்லியம் என்ற சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதுவாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்பி ஊர் ஊராக வேலை பார்த்துக்கொண்டே மேற்கே நகர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஆகஸ்டில், வடக்குத் தரப்பின் இல்லினாய் 127ஆவது காலாட்படையில் சேர்ந்தார். அந்த ரெஜிமெண்ட் 1862 இறுதியில் சிக்கசா பேயூவிலும், 1863 ஜனவரியில் ஆர்கன்சா போஸ்டிலும், பிறகு விக்ஸ்பர்க் முற்றுகையிலும் சண்டையிட்டது. மிசிசிப்பிக் கரையின் சதுப்பு நிலம் அது. உள்நாட்டுப் போரில் செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குண்டு அல்ல, நோய். ஹேவுட்டும் படுத்த படுக்கையாகிப் பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். தேறியபின் சண்டைக்கு அனுப்பாமல் நாஷ்வில் ராணுவ மருந்தகத்தில் மருந்து கொடுப்பவராகப் போட்டார்கள். 1865இல் போர் முடிந்து வெளியே வந்தார்.

மருந்தக வேலையைப் பலர் ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். நான் அப்படிக் கடக்கமாட்டேன். மார்ஃபினும் குயினைனும் அளந்து கொடுக்கிற இடத்தில் இருப்பும் பற்றும் ஒவ்வொரு நாளும் ஒத்துப்போக வேண்டும். பின்னாளில் நார்த்ஃபீல்டு ஊர்க்காரர்கள் தங்கள் பணத்தை நம்பி ஒப்படைத்த மனிதர் துப்பாக்கியைவிடத் தராசோடும் பதிவேட்டோடும் அதிக நாள் பழகியவர் என்பது என் கணிப்பு.

1866இல் மினசோட்டாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு நார்த்ஃபீல்டு. மினியாப்பொலிஸுக்குத் தெற்கே சுமார் 40 மைலில், கேனன் ஆற்றங்கரையில் கோதுமை மாவு ஆலைகளை நம்பி வளர்ந்த சின்ன ஊர். மரவாடியில் கணக்கு எழுதியவர், 1872இல் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்கில் கணக்கராகச் சேர்ந்தார். அதோடு நகராட்சியின் பொருளாளரும் அவரே, கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும் அவரே. முதல் மனைவி இறந்துபோக, லிஸ்ஸி ஆடம்ஸை மறுமணம் செய்திருந்தார். முதல் மனைவிக்குப் பிறந்த ஐந்து வயது மகள் வீட்டில் இருந்தாள்.

இங்கே ஒரு சொல்லை விளக்கவேண்டும். அன்றைய அமெரிக்க வங்கியில் 'கேஷியர்' என்றால் பணம் எண்ணிக் கொடுப்பவர் அல்ல. வங்கியை அன்றாடம் நடத்துகிற மேனேஜர். கடன் கொடுப்பது, வரைவோலை எழுதுவது, பெட்டக எண்ணை வைத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வங்கியின் பெயர் போட்டு வருகிற நோட்டுகளில் தலைவரும் கேஷியரும் கையெழுத்திட வேண்டும். 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி, 6,000 பேருக்கு மிகாத ஊரில் நேஷனல் பேங்க் தொடங்க 50,000 டாலர் முதல் போதும். அரசுப் பத்திரங்களை வாஷிங்டனில் அடமானமாக வைத்தால் அவற்றின் மதிப்பில் 90 சதவீதம் வரை நோட்டாக வரும். ஆண்டுக்கு ஐந்து முறை நிலை அறிக்கை அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் நாளேடு, பேரேடு, வாடிக்கையாளர் ஏடு என்று கணக்கு எழுதிக்கொண்டிருப்பது கணக்கர். ஹேவுட் அந்த நாற்காலிக்காரர். நிரந்தரக் கேஷியர் ஜார்ஜ் ஃபிலிப்ஸ், ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்ததால், அந்தச் சில நாட்களுக்கு ஹேவுட் கேஷியர் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டெபாசிட்டுக்கு அரசு காப்பீடு அமெரிக்காவில் வந்தது 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். 1876இல் பெட்டகம் காலியானால் அது ஊராரின் பணம். ஆலைக்குக் கோதுமை போட்ட விவசாயி, பலசரக்குக் கடைக்காரர், கல்லூரி எல்லாருக்கும் இழப்பு. பங்குதாரர்களோ போட்ட முதலை இழந்தபின்னும் அதே அளவு தொகைக்குப் பொறுப்பு. 'பேங்க் பணம்தானே, கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே' என்று இன்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது டைம் லாக். ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873இல் செய்த பூட்டு, 1874இல் இல்லினாயின் மாரிசன் ஊரிலுள்ள வங்கியில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. கதவின் உட்புறத்தில் இரண்டு கடிகார இயந்திரங்கள். மாலையில் மூடும்போது, மறுநாள் திறக்க எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணி அவற்றுக்குச் சாவி கொடுப்பார்கள். கதவைச் சாத்தியதும் ஒரு தடுப்பு தாழ்க்கம்பியை மறித்துக்கொள்ளும். குறித்த நேரம் ஓடி முடியும்வரை சரியான எண்ணைப் போட்டாலும் திறக்காது. இரண்டு கடிகாரம் எதற்கென்றால், ஒன்று நின்றுபோனாலும் மற்றது தடுப்பை விலக்கிவிடும். இரண்டும் நின்றாலோ, சனிக்கிழமை மாலை மணிக்கணக்கைத் தப்பாக எண்ணினாலோ வங்கிக்காரரே வெளியே நிற்கவேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடித்த காரணம் ராத்திரிக் கொள்ளை. முகமூடிக்காரர்கள் கேஷியர் வீட்டில் புகுந்து, கட்டிப்போட்டு, எண்ணைக் கறந்துகொண்டு வங்கிக்குப் போவார்கள். 1876 ஜனவரியில் மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் அப்படித்தான் நடந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று, பெரும்பகுதி பத்திரங்கள். எண் தெரிந்தவரை அடித்தாலும் பயனில்லை என்று ஆக்குவதுதான் டைம் லாக்கின் வேலை. ஆனால் அது இரவுக்கான காவல். பகல் இரண்டு மணிக்கு, வாடிக்கையாளர் வந்துபோகிற நேரத்தில், எந்த வங்கியும் அதை ஓடவிட்டிருக்காது. ஆகவே ஹேவுட் "டைம் லாக் போட்டிருக்கிறது, திறக்க முடியாது" என்றபோது அவர்கள் நம்பாததில் வியப்பில்லை.

1876 செப்டம்பர் 7, வியாழக்கிழமை. வந்தவர்கள் எட்டுப் பேர்: ஜெஸ்ஸி ஜேம்ஸும் அவன் அண்ணன் ஃபிராங்கும், கோல், ஜிம், பாப் என்ற யங்கர் சகோதரர்கள் மூவர், கிளெல் மில்லர், சார்லி பிட்ஸ், பில் சாட்வெல். மூன்று பேர் பாலத்தருகே, இரண்டு பேர் வாசலில், மூன்று பேர் உள்ளே. உள்ளே ஹேவுட்டுடன் கவுண்டரில் பணம் வாங்கிக் கொடுக்கும் டெல்லர் அலோன்சோ பங்கரும் உதவிக் கணக்கர் ஃபிராங்க் வில்காக்ஸும் இருந்தார்கள். வங்கி அப்போது தற்காலிக இடத்தில் இயங்கியது. கவுண்டரில் ஆள் ஏறிக் குதிக்கிற அளவுக்கு ஒரு திறப்பு, அதில் தடுப்புக் கம்பி இல்லை. கொள்ளையர் அதன் வழியாகத்தான் உள்ளே தாவினார்கள்.

"கேஷியர் யார்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மூவரும் இல்லை என்றார்கள். சொல்லப்போனால் அது பொய்யும் அல்ல. கேஷியர் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தார். ஆனால் ஹேவுட் கேஷியர் மேசையில் இருந்ததால் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ட்ராங் ரூம் கதவு திறந்திருந்தது; பெட்டகம் அதற்குள். ஒருவன் உள்ளே எட்டிவைத்ததும் ஹேவுட் பாய்ந்து அந்தக் கனமான கதவை அவன்மேல் சாத்தப் பார்த்தார். மற்றவர்கள் இழுத்துப் போட்டு, துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தார்கள். கத்தியைக் கழுத்தில் வைத்துத் தோலைக் கீறினார்கள். காதருகே சுட்டு மிரட்டினார்கள். டைம் லாக் என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை.

இவ்வளவு நேரத்தில் ஒருவனாவது போய்ப் பெட்டகக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. டைம் லாக் ஓடுகிறது என்பதை அவர்கள் நம்பவில்லை. ஆனால் பெட்டகம் பூட்டியிருக்கிறது என்பதைச் சந்தேகிக்கவே இல்லை. திற, முடியாது என்ற பேச்சு முழுக்கப் பூட்டைப் பற்றியே நடந்ததால், பூட்டே இல்லை என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. பாப் யங்கர் கவுண்டரில் துழாவிச் சில்லறையைத் தானியச் சாக்கில் போட்டுக்கொண்டான். சுமார் 3,000 டாலர் இருந்த கல்லாப்பெட்டி அவன் கண்ணில் படவில்லை.

பங்கர் பின்வாசல் வழியாக ஓடினார்; தோளில் குண்டு பாய்ந்தும் தப்பிவிட்டார். வெளியே நிலைமை மாறியிருந்தது. இரும்புக் கடைக்காரர் ஜே. எஸ். ஆலன் சந்தேகப்பட்டு எட்டிப்பார்க்க, மில்லர் சட்டையைப் பிடிக்க, அவர் திமிறி ஓடி ஊரைக் கூட்டிவிட்டார். இன்னொரு இரும்புக் கடைக்காரரான மேனிங் தெருமுனையிலிருந்து சாட்வெல்லைச் சுட்டு வீழ்த்தினார். ஹென்றி வீலர் என்ற மருத்துவ மாணவர் எதிர் ஹோட்டல் மாடியிலிருந்து பழைய ராணுவக் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியால் மில்லரைக் கொன்று, பாபின் முழங்கையையும் நொறுக்கினார். நிக்கோலஸ் குஸ்தாவ்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக் குடியேறி, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், குண்டடிபட்டு இறந்தார். எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம். உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடும்போது, கடைசியாகப் போனவன் மேசையருகே தள்ளாடிய ஹேவுட்டின் தலையில் சுட்டான். அவன் ஜேம்ஸ் சகோதரர்களில் ஒருவன். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஃபிராங்க் என்கிறார்கள். அப்போது ஹேவுட்டுக்கு 39 வயது.

இது வெறும் கொள்ளையா, போரின் மிச்சமா என்றும் கேட்கிறார்கள். இரண்டும்தான். ஜேம்ஸ், யங்கர் சகோதரர்களில் மூத்தவர்கள் தெற்குத் தரப்பின் கெரில்லாக்கள். 1863இல் கான்சாஸின் லாரன்ஸ் ஊரில் நடந்த படுகொலையில் கோல் யங்கர் பங்கெடுத்தவன். வடக்குப் படைத் தளபதியாக இருந்து மிசிசிப்பி ஆளுநராகி, 1876 மார்ச்சில் பதவி விலகிய அடல்பர்ட் ஏம்ஸின் குடும்பத்துக்குத்தான் நார்த்ஃபீல்டு ஆலை சொந்தம். ஏம்ஸின் பணமும், அவர் மாமனார் தளபதி பட்லரின் பணமும் அங்கே இருக்கிறது என்று நம்பித்தான் வந்தோம் என்று கோல் பின்னாளில் சொன்னான்.

ஹேவுட்டின் உறுதி அந்த ஒரு நிமிடத்து ஆவேசம் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். 1864 அக்டோபரில் தெற்குப் படையினர் வெர்மாண்டின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் புகுந்து மூன்று வங்கிகளைச் சூறையாடியிருந்தார்கள். நார்த்ஃபீல்டு சம்பவத்துக்குச் சில நாள் முன்னதாக, கார்ல்டன் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் ஸ்ட்ராங் அதைக் குறிப்பிட்டு, அப்படி ஒரு நிலை வந்தால் பெட்டகத்தைத் திறப்பீர்களா என்று கேட்டதும், திறக்கமாட்டேன் என்று நினைக்கிறேன் என அமைதியாக ஹேவுட் பதில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. யோசித்து, முடிவெடுத்து வைத்திருந்த மனிதர்.

கும்பல் அதோடு உடைந்தது. வழி தெரிந்த சாட்வெல் செத்துப்போனதால் மழையில் காட்டிலும் சேற்றிலும் இரண்டு வாரம் திசை தெரியாமல் அலைந்தார்கள். ஜேம்ஸ் சகோதரர்கள் பிரிந்து தப்பினார்கள். செப்டம்பர் 21இல் மடேலியா அருகே பிட்ஸ் கொல்லப்பட, யங்கர் மூவரும் பிடிபட்டார்கள். அவர்களைக் கண்டு ஊருக்கு ஓடித் தகவல் சொன்னவன் ஆஸ்லே ஆஸ்கர் சோர்பெல் என்ற நார்வே விவசாயிக் குடும்பத்துப் பையன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தூக்கு இல்லை என்பது அன்றைய மினசோட்டா சட்டம். ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்கள். பாப் 1889இல் ஸ்டில்வாட்டர் சிறையிலேயே காசநோயால் இறந்தான். மற்ற இருவர் 1901இல் பரோலில் வந்தார்கள்.

ஹேவுட்டின் மனைவிக்கும் மகளுக்கும் நாட்டின் பல வங்கிகள் பணம் திரட்டி அனுப்பின. கல்லூரிக்குச் சொத்து எழுதிவைப்பவர்களைக் கார்ல்டன் இன்றும் அவர் பெயரால் அமைந்த சங்கத்தில் சேர்க்கிறது. வங்கி இருந்த ஸ்க்ரைவர் கட்டடம் இப்போது நார்த்ஃபீல்டு வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம். செப்டம்பரில் ஊரே கூடி அந்த ஏழு நிமிடத்தைத் தெருவில் நடித்துக் காட்டுவார்கள். அந்த விழாவுக்குப் போகிறவர்கள் குதிரையும் வெடிச்சத்தமும் அடங்கியபிறகு உள்ளே போய், கவுண்டருக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கும் எத்தனை அடி என்று நடந்து பாருங்கள். பெட்டகம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.