தினமும் எதை எழுதுவது?

கேள்வி: மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. தினமும் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறேன். போன வருஷம் ஒரு பத்திரிகையில் என் சிறுகதை வந்தது. அடுத்து, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பாட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் நின்றது, ஆறு மாதமாக நகரவில்லை. தினமும் எழுதிப் பழகு என்கிறார்கள். ஒன்றுமே வராதவன் தினமும் எதை எழுதுவது?

பதில்: முதல் ஒரு மாதம் அந்தக் கதையைத் தொடாதீர்கள். ஒரு நோட்டு, கால் மணி நேரம், அவ்வளவுதான். கை நிற்கக் கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது, திரும்பிப் படிக்கவும் கூடாது. ஒன்றும் வராவிட்டால் ‘ஒன்றும் வரவில்லை’ என்றே எழுதிக்கொண்டு போங்கள். நாலு வரிக்குள் கைக்கே சலித்துவிடும், வேறு எதையாவது எழுதும். எழுதும்போதே திருத்தவும் பார்ப்பதால்தான் பலருக்குப் பேனா நிற்கிறது. அச்சில் ஒன்று வந்துவிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்.

எதை எழுதுவது? கடையில் பார்த்ததை. ‘இன்று வியாபாரம் மந்தம்’ என்று வேண்டாம். டியூப்லைட்டை நம்பாமல் சேலையை வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் நிறம் பார்த்த அம்மா, பின்னாலேயே ஓடிய கடைப்பையன், அரக்கா மெரூனா என்று தெருவில் நடந்த பஞ்சாயத்து. அது போதும்.

பஸ்ஸில் எழுதலாம் என்று நினைக்காதீர்கள், காலையில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துவிடுங்கள்: காபி டம்ளரைக் கீழே வைத்ததும் நோட்டு. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. எனவே 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கை நம்பி மனம் தளராதீர்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தீபாவளி நெருக்கத்தில் நள்ளிரவுக்கு வீடு திரும்பி, காலையில் எழ முடியவில்லையா, சரி, விடுங்கள். மறுநாள் இரண்டு மடங்கு எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

எழுத்து மட்டுமின்றி சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் என எதிலுமே பிடிப்பில்லை என்றால் அது வேறு விஷயம். டாக்டரைப் பாருங்கள், அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

அப்புறம் அந்தப் பாட்டி. உங்களுக்கு வந்திருப்பது தகவல் பஞ்சம் என்பது என் சந்தேகம். துணியைக் கிள்ளி நூல் சுற்றும்போது அவர் எங்கே உட்கார்கிறார்? கண்ணாடி போடுவாரா? கூலி எப்படிக் கணக்கு? சாயம் போட்டபின் துணியை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து புள்ளி விரியுமே, அதை அவர் பார்ப்பதுண்டா, இல்லை அது வேறு யாரோ, வேறு எங்கேயோ செய்கிற வேலையா? இதெல்லாம் தெரியாமல் அவரை மூன்றாம் பக்கத்துக்கு நடத்திப் போக முடியாது. லீவு நாளில் முடிச்சுப் போடுகிறவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நோட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம்.

கதைக்குத் திரும்பியபின், அன்றன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிடுங்கள், அடுத்த வரி என்ன என்று தெரிந்திருக்கும் இடத்தில். அதை மட்டும் ஓரத்தில் இரண்டு வார்த்தையாகக் குறித்து வைத்தால் மறுநாள் தொடங்க அது போதும்.