சுருதியை இறக்குங்கள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வயது 49. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை. கூட வேலை பார்க்கும் நாலு பேருமே ஐம்பதைத் தாண்டிய ஜப்பானியப் பெண்கள். மாதம் ஒரு மத்தியானம் கரோக்கேக்குக் கூட்டிப்போவார்கள். எல்லாம் அவர்கள் சின்ன வயதுப் பாட்டு. சிலநேரம் பாடிக்கொண்டே அழுகிறார்கள். நான் தாம்பரின் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன மாதம் கட்டாயப்படுத்திப் பாடவைத்தார்கள். மட்சுதா செய்கோவின் 'அகாய் சுவீட் பீ' பாடினேன். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. மெஷின் 68 மார்க் போட்டது. மாதவிடாய் நின்றதிலிருந்து குரலே கட்டையாகிவிட்டது அக்கா. "ஒபசனெல்லாம் பதினாறு வயசுக் காதல் பாட்டு பாடுறது பாக்கவே ஒரு மாதிரி இருக்கும்மா, புதுப்பாட்டா கத்துக்கோ" என்கிறாள் மகள். என் வயதுக்காரர்கள் சுலபமாகப் பாடுகிற மாதிரி பத்துப் பாட்டு சொல்வீர்களா? வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடலாமா? ஏப்ரலில் மகள் ஒசாகாவுக்கு வேலைக்குப் போகிறாள். வீட்டில் நேரம் இருக்கும், அதனால்தான் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். போன வாரம் முழுக்க ஒரே பாட்டு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது உங்கள் கூட்டாளிகள் பாடுகிற காலத்துப் பாட்டுதான். அதனால் வேறு பல கடிதங்களை வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழில் எழுதிவைத்துப் பாடலாமா என்றால், தாராளமாகப் பாடுங்கள். நமக்குக் குறில் நெடில் பிறவியிலேயே வந்தது. ஜப்பானிய மொழியும் மாத்திரைக் கணக்கில் ஓடுகிற மொழி. 'ஒபசன்' என்றால் அத்தை, நடுவயதுப் பெண்மணி. அதிலேயே 'ப'வை இழுத்து 'ஒபாசன்' என்றால் பாட்டி. இந்த வித்தியாசம் நம் காதுக்குச் சட்டென்று பிடிபடும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நமக்கு 'ன்' அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை, அதற்கும் ஒரு முழு இடம் கொடுக்க வேண்டும். உச்சரிப்பை நினைத்துக் கூச்சம் வந்தால் தெரசா தெங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தைவான் பெண். ஜப்பானியம் அவருக்கு வேற்றுமொழி. 1986இல் அவர் பாடிய 'தோக்கி நோ நகாரே நி மி ஓ மகாசே'யைப் பாடாத ஒபசனை நான் பார்த்ததில்லை.

புதுப்பாட்டு விஷயத்தை விடுங்கள். மட்சுபரா மிக்கி 1979இல், பத்தொன்பது வயதில் பாடிய 'மாயோனகா நோ டோவா'வை 2020இல் உலகம் முழுக்க உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்தான் தேடித்தேடிக் கேட்டார்கள். அவளிடமே கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 68 மார்க்கைப் படித்தபோதுதான். ஏன் தாயே, குரல் உடைகிற உயரத்தில் எதற்குப் பாடினீர்கள்? கையில் வைத்திருந்த ரிமோட்டில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் இரண்டு பட்டன் இருக்கிறதே, அதை ஏன் தொடவே இல்லை? அசல் சுருதியில் பாடினால்தான் பாட்டு என்று யார் சொன்னது? நம் ஊரில் கச்சேரி பாடுகிற பெண்கள் வயது ஏற ஏற அரைக் கட்டை, ஒரு கட்டை என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். சபையில் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை, தம்பூராவை அதற்குத் தக்கபடி சேர்த்துக்கொண்டு பாட உட்காருவார்கள். மாதவிடாய் நின்றபின் குரல்நாண் கனத்துப்போகிறது, குரல் இறங்குகிறது. உடம்பில் நடக்கிற ஒரு மாற்றம், அவ்வளவுதான். அதற்குப்போய் மன்னிப்புக் கேட்கிற குரலில் எழுதியிருக்கிறீர்கள்.

கரோக்கே பிறந்த கதையே இதுதான். கோபேயில் மதுக்கடைகளில் குடிக்கவருபவர்கள் பாட, அவர்களுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தவர் இனோவே தைசுகே. வாடிக்கையாளர் ஒருவர், சின்னக் கம்பெனி ஒன்றின் முதலாளி, சுமாராகப் பாடுகிறவர், வெந்நீரூற்று ஊருக்குப் போகிறேன், நீயும் வந்து வாசி என்று கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதர் பாடுகிற தினுசுக்கு ஏற்றபடி வாசித்து டேப்பில் பதிவுசெய்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வந்த யோசனைதான் 1971இல் அவர் செய்த பதினொரு மெஷின்கள். காப்புரிமைகூட வாங்கவில்லை. பாடுகிற ஆளுக்காகப் பாட்டு இறங்கிவந்த இடம் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் செய்கோவின் பத்தொன்பது வயதுத் தொண்டையை எட்டிப்பிடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். மார்க் குறையும் என்று பயமா? சுருதியை இறக்கினால் மெஷின் தன் மெட்டையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளும், மார்க் குறையாது. என்னைக் கேட்டால் மார்க் போடுவதையே அணைத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பாட்டு டீச்சர் என்னைப் பின்வரிசையில் நிற்கவைத்து, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது என்றார். நாலு வருடம் ஆண்டுவிழா மேடையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். மார்க் போடுகிற எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த மேடை ஞாபகம் வருகிறது.

சரி, என் தலைக்குள் ஓடிய பாட்டைச் சொல்கிறேன். யமகுச்சி மொமோயே பாடிய 'கொசுமோசு'. 1977 அக்டோபரில் வந்தது. எழுதி இசையமைத்தவர் சடா மசஷி, அப்போது அவருக்கு 25 வயது. கொசுமோசு என்பது நம் ஊர்த் தோட்டங்களிலும் பூக்கிற அந்த மெல்லிய இதழ்க் காஸ்மோஸ்தான். 'இலையுதிர்கால சகுரா' (சகுரா என்றால் செர்ரிப் பூ) என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதி கொசுமோசு என்று படிக்கிற வழக்கம் இந்தப் பாட்டால்தான் பரவியது. மறுநாள் கல்யாணமாகிப் போகப்போகிற மகள் பாடுகிறாள். இலையுதிர்காலத்து இளவெயில். தோட்டத்தில் அம்மா இருமுகிறாள். தாழ்வாரத்தில் பழைய ஆல்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மகளின் சின்ன வயசுக் கதை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், தனக்குத்தானே பேசுவதுபோல. கஷ்டமெல்லாம் பின்னால் சிரிப்புக் கதையாகிவிடும், கவலைப்படாதே என்று சிரிக்கிறாள். இரண்டாவது சரணத்தில் அதே அம்மா திடீரென்று கண்ணீர் விட்டு, நல்லா இரு, நல்லா இரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

மொமோயேக்கு அப்போது 18 வயது. அந்த வயதுக்கு ஆழமான, தணிந்த குரல். 1980 அக்டோபர் 5, புடோகான் அரங்கில் கடைசிக் கச்சேரி. பாடி முடித்து, வெள்ளை மைக்கை மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனவர் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு மேடைக்கு வரவே இல்லை. அப்போது 21 வயது.

2008இல் நாங்கள் யோக்கோஹாமாவில் ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே சலவைக்கடை வைத்திருந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. அந்த இலையுதிர்காலத்தில் அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி சப்போரோவுக்குப் போனாள். பத்து நாள் கழித்து, வா என்று என்னைத் தெருமுனையில் 'ஸ்நாக்' என்கிற சின்ன மதுக்கடைக்குக் கூட்டிப்போனார். எட்டுப் பேர் உட்காரலாம். கடைக்கார அம்மாளை எல்லோரும் 'மாமா', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கடையில் அப்போதும் டெலிபோன் டைரக்டரி கனத்தில் பாட்டுப் புத்தகம் கிடந்தது. வீட்டுக்காரம்மா அதைத் திறக்கவில்லை. கொசுமோசுவின் எண் மனப்பாடம். அமுக்கிவிட்டு, இறக்குகிற பட்டனை நிதானமாக நாலு தரம் அழுத்தினார். பிப், பிப், பிப், பிப். சலவை சோடாவில் வெடித்த அந்த விரல்நுனி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

முதல் சரணத்தில் அம்மா இருமுகிற வரி வந்ததும் நிறுத்திவிட்டார். இசை மட்டும் ஓடியது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டே போயின. கடைக்கார அம்மாள் பேசாமல் கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பி, "இருபத்துமூணு வயசில் எங்கம்மாவை விட்டு வரும்போது இதைப் பாடினேன். இப்ப இருமுகிறவள் நான்தான்" என்றார். பிறகு இரண்டாவது சரணத்தில் சரியாகச் சேர்ந்துகொண்டார். குரல் உடையவே இல்லை.

உங்கள் கூட்டாளிகளும் அப்படித்தான் எங்கேயோ இடம் மாறி நிற்கிறார்கள் ம. பதினாறு வயசுக் காதலையா அவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள்? அதை முதலில் கேட்டபோது பக்கத்தில் இருந்த ஆட்கள், அந்த வீடு, அந்த அம்மா எல்லாம் அதில் இருக்கிறார்கள். அடுத்த தடவை அவர்கள் அழும்போது தாம்பரினைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். முடிந்தபின், இந்தப் பாட்டு வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள்.

பத்துப் பாட்டு கேட்டீர்கள். இப்போதைக்கு மொமோயேயிலிருந்து ஆரம்பியுங்கள், அவர் குரல் தணிந்தது, உங்களுக்கு ஒத்துவரும். கொசுமோசு, அப்புறம் 1978இல் வந்த 'ஈ ஹி தபிதாச்சி'. ஊரைவிட்டுப் பயணம் புறப்படுகிற பாட்டு அது. செய்கோவை மூன்று நாலு படி இறக்கிப் பிறகு பாடிக்கொள்ளலாம்.

மகள் ஒசாகா போவதைக் கடைசியில், நேரம் கிடைக்கும் என்பதற்குக் காரணமாக ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பற்றி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஏப்ரலுக்கு முன்னால் அவளையும் ஒரு மத்தியானம் அந்த அறைக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பாடும்போது தாம்பரினை அவள் கையில் கொடுங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் பட்டனை அழுத்த மறந்துவிடாதீர்கள், நாலு தரம்.

அன்புடன்,
அக்கா