மழை குறைந்ததா, மழை நாள் குறைந்ததா?

கேள்வி: ‘முன்னைப்போல மழை இல்லை’ என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். மாவட்டக் கணக்கில் மழை குறையவில்லை என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். யார் சொல்வது சரி?
– மானாவாரி விவசாயி, ஒடுகத்தூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மகன் பார்ப்பது ஆண்டு மொத்தம். பெரியவர்கள் பார்ப்பது மண்ணில் இறங்கிய ஈரம். ஒரே சாயங்காலம் 60 மி.மீ. கொட்டினால் மேட்டு நிலத்தில் பெரும்பகுதி வரப்பை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். அதுவே ஐந்து நாள், நாளுக்கு 12 மி.மீ. என்று பெய்தால் வேருக்குப் போய்ச் சேரும். ஏட்டில் இரண்டும் 60தான். ஆடியில் விதைத்த மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) 40ஆம் நாளை ஒட்டி, மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கும்போது மேல்மண் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே போகாது. ஐப்பசியில் அடைமழை பெய்து மொத்தக் கணக்கை நிரப்பினாலும் அந்தக் காய் திரும்பாது. அதனால் பெரியவர்கள் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் கிணறு வற்றியதை மட்டும் வைத்து மழை குறைந்தது என்று தீர்மானிக்கவும் கூடாது. பக்கத்து போர்வெல், தூர்ந்த வரத்துக் கால்வாய், இவையும் கிணற்றை வற்றவைக்கும். நம் பக்கத்தில் மழை குறைவதையும் கிணறு வற்றுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அதிகம்.

நீங்களே அளக்கலாம். வாய் 10 செ.மீ. விட்டமுள்ள புனலை ஒரு கேனில் சொருகி, வெட்டவெளியில், தரையிலிருந்து ஓரடிக்கு மேல் வாய் இருக்கும்படி கட்டுங்கள். தென்னை அருகே வேண்டாம். மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். தினமும் காலை 8.30க்குச் சேர்ந்த தண்ணீரை இருமல் மருந்து மூடியால் அளந்து, மில்லியை 7.85ஆல் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். புனல் சாய்ந்திருந்தால் கணக்கு தப்பும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாள்தான் மழை நாள். விதைத்த பிறகு மழையில்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் போனது என்பதைத் தனியே எழுதுங்கள். மொத்தத்தைவிட அதுதான் முக்கியம். கிணற்று மட்டத்தையும் மாதம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முன் கயிறு விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலூர் என்றாலே வெயில்தானே, இதில் காலநிலை மாற்றம் எங்கே வந்தது?
– வாசகி, காட்பாடி

பதில்: ஒரு கத்திரியை வைத்துச் சொல்ல முடியாது. காலநிலைக்கு 30 ஆண்டுச் சராசரிதான் அளவு. பகல் உச்சத்தோடு விடியற்கால வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கச் சுவர் ஆறாமல் இருந்தால் உடம்புக்கு ஓய்வில்லை. முதியவர்களை அதுதான் அதிகம் வாட்டும். மொட்டைமாடியில் மாசி முடிவதற்குள் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிடுங்கள்.