பயணத்தின்போது ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் விளையாடுவது பணத்துக்குத் தகுமா?

குடும்பத்தோடு வெளிநாடு போகிறீர்கள், நடுவில் உங்களுக்கென்று ஓர் அரைநாள்தான் கிடைக்கும், அதைப் "பாதி மைதானத்தில்" செலவழிக்கலாமா என்று தயங்குகிறீர்கள். அப்படித்தான் கேள்வியைப் புரிந்துகொண்டேன். அந்தப் "பாதி மைதானம்" என்ற சொல் உறுத்தியதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு சுற்றுக்குப் பதினெட்டு குழி என்பது வேதவாக்கு அல்ல. கோல்ஃபின் தாயகம் எனப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன. பிறகு சிலவற்றை ஒன்றாக்கியதில்தான் பதினெட்டு வந்தது. 1860இல் ஓப்பன் எனப்படும் பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி முதன்முதலாக நடந்த பிரெஸ்ட்விக்கில் 12 குழிகளே இருந்தன. எடின்பரோவை அடுத்த மஸல்பரோவில் ஒன்பதுதான். அந்த ஒன்பதில் 1874 முதல் 1889 வரை ஆறு முறை ஓப்பன் நடந்திருக்கிறது. நான்கு சுற்று சுற்றி 36 குழிகளை முடித்தார்கள். அதை யாரும் பாதிப் போட்டி என்று சொல்லவில்லை.

என் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. ஒரு மலை ஊரில் பிறந்தவன் நான். பதினொரு வயதிலிருந்து பள்ளி விடுமுறை நாட்களில் அங்கிருந்த கோல்ஃப் கிளப்பில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ஆளாக, பை தூக்கினேன். எந்த மேட்டில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்பது அங்கு விளையாடியவர்களைவிட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் மட்டையைத் தொடக் கூடாது. துடைக்கலாம், எடுத்துக் கொடுக்கலாம், வீசக் கூடாது. ஒரு மாலை, கைப்பிடி உடைந்து தூக்கி எறியப்பட்ட மட்டையால் நான்கு பந்து அடித்ததற்காக இரண்டு வாரம் என்னை உள்ளே விடவில்லை. அந்த இரண்டு வாரக் கூலி எங்கள் வீட்டுக்கு என்ன என்பதை அந்தச் செயலாளர் யோசித்திருக்க மாட்டார். பின்னாளில் வளைகுடாவில் கணக்காளர் வேலை கிடைத்து, நாற்பத்தொன்றாம் வயதில்தான் சொந்தமாக ஒரு மட்டை வாங்கினேன்.

மகன் எடின்பரோவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நானும் மனைவியும் அங்கே போனோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் விளையாடக் குலுக்கலில் பெயர் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். இரண்டு முறையும் விழவில்லை. மகன்தான், "அப்பா, பஸ்ஸில் அரை மணி நேரத்தில் மஸல்பரோ போய்விடலாம், பாருங்கள்" என்றான்.

குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே மைதானம் இருக்கிறது. வெள்ளை வேலியைக் கடந்து போய்ப் பந்து அடிக்க வேண்டும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று ஓயவே இல்லை. கட்டணம் வாங்கியவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: பழைய காலத்து ஹிக்கரி மர மட்டைகள் வாடகைக்கு இருக்கின்றன, வேண்டுமா? நான் எந்த கிளப் உறுப்பினர், என் ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது எப்படி இருந்தது என்பதைப் பை தூக்கிய ஒருவரால்தான் புரிந்துகொள்ள முடியும். ஹிக்கரி மட்டைகளையே வாங்கிக்கொண்டேன். மனைவி கூடவே நடந்தாள்.

முன்னால் பேரனோடு விளையாடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் மூன்றாவது குழியில் நின்று எங்களையும் சேர்த்துக்கொண்டார். நான்காவது குழியை ஒட்டிய பழைய மதுக்கடையைக் காட்டி, அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு அங்கே சுவரில் இருந்த திறப்பின் வழியாகவே கொடுப்பார்கள் என்றார். பிறகு பாப் ஃபெர்குசன் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இந்த ஊர்க்காரர், எட்டு வயதில் இதே மண்ணில் கேடியாகப் பை தூக்கியவர். 1880, 81, 82 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு ஓப்பனை வென்றார். 1883இல் நான்காவது வெற்றிக்கு இங்கேயே நின்று, சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் ஒரே ஒரு அடியில் வில்லி ஃபெர்னியிடம் தோற்றார். கடைசிக் குழியை ஃபெர்னி இரண்டே அடியில் முடித்துவிட்டாராம். அதன் பிறகு டைஃபாய்டு வந்து ஃபெர்குசனின் ஆட்டம் போயிற்று. இதே மைதானத்தில் புல்தரையைப் பராமரித்துக்கொண்டும் பை தூக்கிக்கொண்டும் மீதிக் காலத்தைக் கழித்தார். ஊர் அவரை இன்றும் சாம்பியன் என்றே சொல்கிறது.

நானும் கேடிதான் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். கோல்ஃப் மைதானத்தில் நின்றுகொண்டு அதை ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் முறை. உடன் விளையாடும் நண்பர்களுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அவர் பேரனைக் கூப்பிட்டு, "இவர் பந்தை எந்தக் கோட்டில் உருட்டச் சொல்கிறாரோ அப்படி உருட்டு" என்றார். பையன் அப்படியே செய்தான். பந்து குழியில் விழுந்தது.

மனைவிக்குப் பிடித்தது வேறு செய்தி. 1811 புத்தாண்டில் அந்த ஊர் மீன்காரப் பெண்களுக்கென்றே கோல்ஃப் போட்டி வைத்து, வென்றவருக்குப் புது மீன்கூடையும் சால்வையும் பரிசாக அறிவித்திருக்கிறார்கள். அவள் கடலூர்ப் பக்கத்துக்காரி. கூடையைத் தலையில் சுமப்பார்களா முதுகிலா என்று கேட்டாள். முதுகில் என்றார் பெரியவர். அதன் பிறகு அவளும் இரண்டு குழி அடித்தாள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

இதை எழுதும்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நினைவுக்கு வந்து ஆத்திரம்தான் வருகிறது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். இருக்கிற ஒரே காலி இடத்தில் "பந்து விளையாடக் கூடாது" என்று பலகை. கார் கண்ணாடிக்கு இருக்கும் மதிப்பு பிள்ளைகளுக்கு இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மூடி, ஊர் மக்கள் நாயோடும் குழந்தையோடும் உலவ விடுகிறார்கள். இங்கே நான்கு பையன்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஓட இடமில்லை. சங்கக் கூட்டத்தில் மூன்று முறை பேசிவிட்டேன்.

பெரிய மைதானங்களை நான் குறை சொல்லவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் நானும் போவேன். கோல்ஃபே பணக்காரர் விளையாட்டு, தண்ணீரைக் குடிக்கும் விளையாட்டு என்று எழுத வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் நாட்டு நிலைமையைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நான் பேசுவது கடலோர மணலில் மழையை நம்பி வளர்கிற புல்லைப் பற்றி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது குழிக்கு இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். காலையில் விளையாடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். இன்னும் வடக்கே போவதானால் ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் ஸ்காரிஸ்டா கடற்கரையை ஒட்டி ஒரு ஒன்பது குழி மைதானம் உண்டு. ஆள் இல்லாவிட்டாலும் கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு விளையாடும் வழக்கம் அங்கே. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ அந்தப் பெட்டியில் கையெழுத்திட்டுப் போட்ட ஐந்து பவுண்டு நோட்டையே பிறகு ஒரு போட்டிக்குப் பரிசாக்கிவிட்டார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. மஸல்பரோவில் பந்தய நாட்களில் இடம் கிடைக்காது. தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.