நோட்ஸ் பார்க்காமல் வாசிக்கும் பையனுக்கு எந்த டீச்சர்?

கேள்வி: அம்மா, மதுரை வில்லாபுரத்தில் சின்னதாக ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மகனுக்கு 12 வயது. எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் கீபோர்டில் வாசித்துவிடுவான். இரண்டு வருடமாகப் பக்கத்தில் ஒரு வகுப்புக்கு அனுப்பினேன், கீபோர்டில் 2-வது கிரேடு தேறினான். போன மாதம் மாஸ்டர் நோட்ஸ் (இசைக்குறிப்பு) எழுதிய ஒரு புதுத் தாளை முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னாராம். ஒரு வரிகூட வரவில்லை. இத்தனை நாளும் மாஸ்டர் கையைப் பார்த்தும் காதால் கேட்டும்தான் வாசித்திருக்கிறான் என்று தெரிந்ததும், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் ‘ஏமாற்றுக்காரன்’ என்று திட்டிவிட்டார். அன்றோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஆனால் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் சர்ச் பியானோவைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து, பியானோ கற்றுக்கொள்ள வேண்டும் என்று நச்சரிக்கிறான். நரிமேட்டில் ஒரு டீச்சர் தனித்தனியாகச் சொல்லித் தருகிறார். ‘முதலிலிருந்து வரணும், ஆறு மாதத்துக்கு சினிமாப் பாட்டு கிடையாது’ என்கிறார். எங்கள் ஏரியாவிலேயே இன்னொருவர், கட்டைகளில் எழுத்து ஒட்டி மூன்று மாதத்தில் பத்துப் பாட்டு வாசிக்க வைப்பதாகச் சொல்கிறார். யாரிடம் விடுவது? பியானோ வாங்கியே ஆக வேண்டுமா?
(பெயர் வேண்டாம், வில்லாபுரம்)

பதில்:

தம்பி, டீச்சரைத் தேடுவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘நீ ஏமாற்றவில்லை’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த வார்த்தையை அவன் இன்னும் சுமந்துகொண்டிருப்பான். எனக்குத் தெரியும். பதிமூன்று வயதில் என் டீச்சர் ஒருவர், விரல் தப்பிய ஒவ்வொரு தடவையும் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். அதற்குப் பிறகு நான்கு வருடம் பியானோ இருந்த அறைப் பக்கமே நான் போகவில்லை.

கேட்டதை அப்படியே விரலில் கொண்டுவருவது குறையே இல்லை. நம் ஊரில் நாகஸ்வரம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் யாரும் புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கவில்லை. வாத்தியார் பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும், அப்புறம்தான் வாத்தியம் கைக்கு வரும். உங்கள் பையன் தனக்குத் தெரிந்த வழியில், யாரும் சொல்லித் தராமலே அதைத்தான் செய்திருக்கிறான். இரண்டு வருடமாக அவன் கண் தாளில் இருக்கிறதா, தன் கையில் இருக்கிறதா என்று கவனிக்காமல் விட்டது சொல்லிக்கொடுத்தவரின் பொறுப்பு.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, ‘நோட்ஸ் தேவையில்லை, அவனுக்குத்தான் காது இருக்கிறதே’ என்று உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பியானோவுக்கு அவன் தாளைப் பார்த்து வாசிக்கக் கற்றே ஆக வேண்டும். கீபோர்டில் இடது கை ஒரு கார்டை (சேர்த்து அழுத்தும் சில கட்டைகளை) பிடித்தால் போதும், தாளத்தையும் பேஸையும் பெட்டியே போட்டுவிடும். பியானோவில் அந்த வேலை முழுவதும் அவனுடைய இடது கைக்கு வந்து சேரும். வலது கை ஒன்று சொல்ல, இடது கை வேறொன்று சொல்லும். ஒரே நேரத்தில் நான்கு குரல்கள், அதாவது நான்கு தனித்தனி மெட்டுகள், ஓடும் பீஸ்கள் உண்டு. மேலே ஓடும் மெட்டைக் காது பிடித்துவிடும். நடுவில் ஓடும் இரண்டு குரலைப் பிடிக்க, பழகின காதே திணறும்.

தேர்விலும் இது ஒரு நாள் வந்து நிற்கும். லண்டனின் ட்ரினிட்டி அமைப்பு நேரில் நடத்தும் பியானோ தேர்வில் 5-வது கிரேடு வரைக்கும் சைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்ததும் வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது), இம்ப்ரொவைசேஷன் (அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பது), மியூசிக்கல் நாலெட்ஜ் (இசை அறிவு) என்ற நான்கில் இரண்டை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பத்து மதிப்பெண். ஆகவே தாளே பார்க்கத் தெரியாத பிள்ளை, சைட் ரீடிங்கை ஒதுக்கிவிட்டு 5-வது கிரேடு வரை நல்ல மதிப்பெண்ணோடு வந்துவிட முடியும். 6-வது கிரேடில் சைட் ரீடிங் கட்டாயம். அங்கே வந்து நின்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு தேர்வு அமைப்பு நடத்தும் பிராக்டிகல் கிரேடுகளில் முதல் கிரேடிலிருந்தே சைட் ரீடிங் உண்டு, 150-க்கு 21 மதிப்பெண். அங்கே 6-க்குப் போக வேண்டுமானால் பொதுவாக 5-வது கிரேடு தியரித் தேர்வும் முடித்திருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கீபோர்டு பாடத்திட்டம் வேறு, பியானோ பாடத்திட்டம் வேறு. 2-வது கிரேடு தேறியவன் பியானோவில் 3-ல்தான் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். அவனுடைய இடது கை இன்னும் தவழும் பிள்ளை.

அதனால் நரிமேட்டு டீச்சர் ‘முதலிலிருந்து வரணும்’ என்றதில் தப்பு இல்லை. கட்டையில் எழுத்து ஒட்டுகிறவரிடம் மட்டும் விடாதீர்கள், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. உங்கள் பையன் கண் ஏற்கெனவே விரலைத்தான் பார்க்கிறது. அங்கேயே எழுத்தையும் ஒட்டினால் அது தாள் பக்கம் திரும்பவே திரும்பாது. மூன்று மாதத்தில் பத்துப் பாட்டு என்கிறார். உங்கள் பையன் பத்துப் பாட்டை மூன்று நாளில் தானே பிடித்துவிடுவான், அதற்கு எதற்குப் பணம்?

நரிமேட்டு டீச்சரிடமும் உடனே மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்து, நீங்களும் கூட உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில்தான். உள்ளே உட்கார்ந்தால் வாயைத் திறக்காமல் சிலவற்றைப் பாருங்கள்.

பையன் ஓர் இடத்தில் தப்புவான். அப்போது டீச்சர் என்ன சொல்கிறார்? ‘தப்பு, திரும்ப வாசி’ என்று முதல் வரியிலிருந்து நான்கு தடவை வாசிக்க வைத்தால், அவன் அந்தத் தப்பையே நான்கு தடவை பழகுகிறான். ‘அந்த இரண்டு பாரை (தாளில் நெடுக்குக் கோடு போட்டுப் பிரித்த பகுதி) மட்டும் எடு. இடது கை தனியாக. மெதுவாக. இப்போது நான்காவது விரலைப் போட்டுப் பார்’ என்று சொன்னால், அவருக்கு வேலை தெரியும். இந்த ஒன்றைக் கொண்டே பாதியைக் கணித்துவிடலாம். அடுத்தது, புதுப் பீஸ் ஒன்றைக் கொடுக்கும்போது முதலில் தானே வாசித்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது நல்லது. உங்கள் பையனுக்கு அதுதான் பொறி, ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் தாளைத் தொட மாட்டான். அவனைப் புரிந்துகொண்ட டீச்சர் வாசித்துக் காட்டாமல், முதலில் தாளத்தை மட்டும் கைதட்டச் சொல்வார், பிறகு ஒரு கையால் இரண்டு பார் வாசிக்கச் சொல்வார், கடைசியில்தான் தான் வாசிப்பார்.

இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நான் கடைப்பிடித்த வழி ஒன்று உண்டு. அந்த டீச்சரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். நோட்ஸைப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் எழுதச் சொல்வேன். அவனுக்கு நன்றாக வாசிக்க வரும் ஒரு பாட்டின் முதல் வரியை, நோட்ஸ் எழுதும் ஐந்து கோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். கை ஏற்கெனவே அறிந்த மெட்டு என்பதால், எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று அவனே தேடிக் கண்டுபிடிப்பான். இரண்டு மாதத்தில் அந்தக் கோடுகள் அவனுடைய சொந்த எழுத்தாகிவிடும். வீட்டில் பாட்டி யாராவது சரளி வரிசை பாடியிருந்தால் இன்னும் வசதி. வெள்ளைக் கட்டைகளில் ஸி என்ற கட்டையிலிருந்து அடுத்த ஸி வரை போனால் வருவது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். இதை அவனுக்குச் சொல்லும் டீச்சர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் ஆர்மோனியமும் நாட்டுப்பாட்டுமாக வளர்ந்த இளையராஜா, சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தார். காதில் இருந்ததையெல்லாம் தாளில் இறக்க அந்தப் படிப்பு கைகொடுத்தது.

ஆறு மாதம் சினிமாப் பாட்டு கிடையாது என்பதற்குக் காரணத்தைக் கேளுங்கள். ‘கை நிலை கெட்டிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்’ என்றால் மதிக்க வேண்டிய பதில். முழங்கை கட்டையின் உயரத்துக்கு இருக்க வேண்டும், மணிக்கட்டு இறுகக் கூடாது. இந்தப் பழக்கம் பின்னால் வராது. ‘சினிமாப் பாட்டு மட்டம்’ என்றால் வேறு இடம் பாருங்கள். அவனை இந்த இசைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்தப் பாட்டுகள்தான். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் அவன் விரும்பியதை வாசிக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல டீச்சர் அந்த ஐந்து நிமிடத்திலிருந்துதான் அவனைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வார்.

நேரத்தையும் யோசியுங்கள். வில்லாபுரத்திலிருந்து நரிமேட்டுக்கு வைகையைத் தாண்டி, கோரிப்பாளையம் நெரிசலில் நின்று போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு மாலை ஆறு மணி வகுப்புக்குப் போனால் பையன் பாதி உயிரோடுதான் பியானோ முன்னால் உட்காருவான். சனிக்கிழமை காலை கிடைக்குமா என்று கேளுங்கள். வாரத்துக்கு முக்கால் மணி ஒரு வகுப்பு போதும், ஆனால் வீட்டில் தினமும் அரை மணி உட்கார வேண்டும்.

பியானோ இப்போது வேண்டாம். மரப் பியானோவுக்கு ஈரமும் வெயிலும் ஆகாது, வருடத்துக்கு ஒரு தடவையாவது, முடிந்தால் இரண்டு தடவை டியூன் செய்ய வேண்டும். கையில் இருக்கும் கீபோர்டோடு இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம். அவன் தொடர்கிறான் என்று தெரிந்த பிறகு 88 கட்டையும், அழுத்தினால் கனம் தெரிகிற கட்டைகளும், பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோ வாங்குங்கள். பழையது கிடைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கட்டையையும் ஒரு தடவை மெல்லவும் ஒரு தடவை அழுத்தியும் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். சத்தம் இரண்டுக்கும் வேறுபட வேண்டும்.

பழைய மாஸ்டரிடம் பாக்கி இருந்தால் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர். சண்டை வேண்டாம், ஆனால் எதற்காக நிறுத்துகிறோம் என்பதை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் யோசிப்பார்.

நான்கு வருடம் பியானோவைத் தொடாத என்னைத் திரும்ப உட்காரவைத்தவர், புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ‘உனக்குப் பிடித்தது எதையாவது வாசி’ என்றார். கன்னாபின்னாவென்று விரல் போட்டு ஒரு கீர்த்தனையை வாசித்தேன். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் கேட்டார், அப்புறம்தான் என் கட்டைவிரலைப் பற்றிப் பேசினார். முதல் வகுப்புக்கு உங்கள் பையனும் புத்தகம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தனக்குப் பிடித்த ஒரு பாட்டை வாசிக்கட்டும். டீச்சர் கடைசி வரை கேட்கிறாரா என்று பாருங்கள். வெளியே வந்ததும் அவனிடம் ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் ‘நல்லா இருந்துச்சு’ என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் அவனாகக் கீபோர்டின் துணியை எடுக்கிறானா என்று மட்டும் கவனித்துவிட்டு, எனக்கு எழுதுங்கள்.